சேற்று மலையில் பத்து மைல்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க மான்செஸ்டர்ல இத்தனை வருஷம் இருக்கீங்க. ஜவுளித் தொழில்நுட்பத்தைப் பத்தி ஒரு உரை நிகழ்த்தணும்" என்றார். "தம்பி, நாற்பது வருஷம் மெஷினைப் பத்தியே பேசியாச்சு. இந்தத் தடவை நான் ஞாயிற்றுக்கிழமை ஓடுற ஒரு மலையைப் பத்திப் பேசறனே" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரிங்கண்ணா, ஆனா பதினஞ்சு நிமிஷந்தான்" என்று பதில் வந்தது. ஆகவே நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 1976-இல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். சில ஆண்டுகள் நம் கோவை மில்களில் வேலை பார்த்துவிட்டு, 1983-இல் இங்கிலாந்து போனேன். தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து அசல் மான்செஸ்டருக்குப் போகிறேன் என்று நம்ம செட் பசங்க மாலை போட்டு அனுப்பினார்கள். நான் போய் இறங்கியபோது அசல் மான்செஸ்டரில் பாதி மில்களுக்கு மேல் பூட்டுத் தொங்கியது. அது வேறு கதை.

மான்செஸ்டரிலிருந்து கிழக்கே ரயிலில் அரைமணி நேரம் போனால் கிளாசப் என்றொரு சிறிய ஊர். அதுவும் ஒரு காலத்தில் பஞ்சாலை ஊர்தான். அங்கேதான் என் வீடு. ஊரின் பின்பக்கம் அப்படியே மலை. ப்ளீக்லோ என்று பெயர். உயரம் 633 மீட்டர். "இவ்வளவுதானா! நம்ம ஊட்டி 2,240 மீட்டராச்சே" என்று நீங்கள் சிரிக்கலாம். உயரத்தில் ஒன்றுமில்லை. அந்த மலையின் விசேஷம் அதன் தலையில் இருக்கிறது. சிகரம் என்று கூர்மையாக எதுவும் கிடையாது. மேலே ஏறிப் போனால் மைல் கணக்கில் அகலமான ஒரு மேடு. அந்த மேடு முழுக்கச் சேறு.

சேறு என்றால் நம் வயல் சேறு மாதிரி இல்லை. பீட் என்பார்கள். குளிரிலும் ஈரத்திலும் செத்த செடிகள் மக்கிப்போகாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கறுத்து, கேக் மாதிரி ஆகிவிட்ட மண். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் வருஷம். ப்ளீக்லோவில் பல இடங்களில் அது ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அப்படியென்றால் நாம் கால் வைத்து மிதிக்கிற அந்தச் சேற்றின் அடி, நம் சங்க இலக்கியத்தைவிடப் பழசு.

இந்தச் சேற்றின் குறுக்கே ஓடுவதற்கு அங்கே ஒரு பெயரே இருக்கிறது, ஃபெல் ரன்னிங் என்று. டிராக் கிடையாது, கை தட்ட ஆள் கிடையாது. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பதினைந்து வயதில் பஞ்சாலையில் கார்டிங் பிரிவில் சேர்ந்து, மில் மூடும்வரை அங்கேயே இருந்தவர். 1999-இல் டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார். இவர் காதில் அது விழுந்ததும் மறுநாள் காலை கதவைத் தட்டி, கையில் ஒரு பழைய ஷூவோடு நின்றார். அடியில் ரப்பர் குமிழ் வைத்த ஷூ. அன்று பிடித்த ஓட்டம் இன்றுவரை விடவில்லை. எழுபதைத் தொட்டுவிட்டேன். இப்போது ஓட்டம் என்று நான் சொல்வதை நீங்கள் வேகநடை என்று சொல்லக்கூடும்.

ஒருமுறை அம்மா இங்கிருந்து வந்திருந்தார்கள். நான் முழங்கால்வரை கறுப்பாக வந்து வாசலில் நின்றதைப் பார்த்து, "ஏஞ் சாமி, சேத்துல காலு வைக்க வேண்டாம்னுதானே உன்னையப் படிக்க வச்சேன்? காசு குடுத்து ஷூ வாங்கி, அதப் போட்டுட்டுப் போயிச் சேத்துல ஓடறயா?" என்று கேட்டார்கள். என் துணைவி உள்ளேயிருந்து, "நல்லாக் கேளுங்க அத்தை, வாஷிங் மெஷினுக்குள்ள ஒரு வயலே இருக்குது" என்றாள். இருவருக்கும் என்னிடம் அன்று பதில் இல்லை. இன்றைய உரையை அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். பழைய கிளாசப்பில் கிளம்பி, ஷெல்ஃப் ஓடை என்ற ஓடையின் ஓரமாகவே மேலே போக வேண்டும். டாக்டர்ஸ் கேட் என்று அந்தப் பாதைக்குப் பெயர். ரோமானியர் கோட்டைகளை இணைத்த பழைய வழி இதன் போக்கிலேதான் போயிற்று என்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் ஓடையை விட்டுப் பிரிந்து செங்குத்தாக ஏறினால், 621 மீட்டர் உயரத்தில் ஹையர் ஷெல்ஃப் கற்கள். அங்கிருந்து மேட்டின்மேல் ஹெர்ன் கற்கள், பிறகு ப்ளீக்லோ தலை. அங்கே பென்னைன் வே என்ற நெடும்பாதையைப் பிடித்துத் தெற்கே இறங்கி, மறுபடியும் டாக்டர்ஸ் கேட் வழியாக வீடு. மொத்தம் ஏறக்குறைய 10 மைல். நல்ல நாளில் இரண்டு மணி நேரத்தில் முடித்தவன், இப்போது மூன்று மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறேன்.

தார் ரோட்டில் ஓடுகிறவன் கடிகாரத்தைப் பார்ப்பான். சேற்றில் ஓடுகிறவன் தரையைத்தான் பார்க்க வேண்டும். நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஊதாப் பூப் பூக்கும் ஹெதர் புதர் இருந்தால் அடியில் தரை ஓரளவு காய்ந்திருக்கும், நம்பிக் கால் வைக்கலாம். கோரை மாதிரி நீண்ட புல் நின்றால் கணுக்கால் நனையும். பளிச்சென்று இளம்பச்சையாக, மெத்தை விரித்தது போல் அழகாக இருக்கிறதே என்று கால் வைத்தால் இடுப்புவரை போய்விடும். அது ஸ்பேக்னம் என்ற பாசி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் மாதத்தில் மேடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு தலையாட்டும். பஞ்சுப்புல் என்றே பெயர். நம்ம துறைக்காரனுக்குச் சும்மா இருக்க முடியுமா? முதல் வருஷமே ஒரு கைப்பிடி பறித்து விரலால் திரித்துப் பார்த்தேன். நூலாகவில்லை. இழை குட்டை, சட்டென்று முறிகிறது. அந்தக் காலத்தில் தலையணைக்குள் அடைத்தார்களாம், விளக்குத் திரிக்கு வைத்தார்களாம். மில்லுக்கு உதவாத பஞ்சு. ஆனால் ஓடுகிறவனுக்கு உதவும். அது நிற்கிற இடத்தில் கீழே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

குளிர்காலத்தில் அங்கே மலைமுயல் வெள்ளையாக மாறிவிடும். இங்கிலாந்தில் காட்டு மலைமுயல் இருக்கிற ஒரே வட்டாரம் இதுதான். பனி விழாத வருஷத்தில் கறுப்புச் சேற்றின்மேல் வெள்ளை முயல் உட்கார்ந்திருக்கும். ஒளிந்திருப்பதாக அதற்கு நினைப்பு. நமக்குக் கால் மைல் தூரத்திலேயே தெரியும்.

ஹையர் ஷெல்ஃப் கற்களுக்குப் பக்கத்தில் ஓட்டம் தானாக நின்றுவிடும். அங்கே ஒரு விமானத்தின் சிதைவு கிடக்கிறது. அமெரிக்க பி-29 ரக விமானம். 1948 நவம்பர் 3-ஆம் தேதி மேகத்துக்குள் வந்து மலையில் மோதியது. உள்ளே இருந்த 13 பேரும் இறந்துபோனார்கள். இஞ்சின், சக்கரம், அலுமினியத் தகடுகள் எல்லாம் இன்னும் அந்தச் சேற்றில் அப்படியே கிடக்கின்றன. ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் சிறு சிலுவையோ, காகிதப் பூவோ வைத்துவிட்டுப் போகிறார்கள். உலகப் போர் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் வீடு போய்ச் சேராத 13 பேர். நான் அங்கே ஒரு நிமிஷம் நிற்காமல் ஒரு தடவையும் கடந்ததில்லை.

அந்த விமானத்தை வீழ்த்திய மேகம் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு நவம்பர் மாதம் நானும் என் நண்பரும் அந்த இடத்தைத் தாண்டியபோது மேகம் இறங்கியது. எங்கள் கை விரல் தெரிகிறது, அதற்கு அப்பால் வெள்ளை. மேட்டின்மேல் தண்ணீர் அரித்து அரித்து, ஆள் உயரத்துக்குப் பீட்டில் வாய்க்கால் வெட்டியிருக்கும். நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றில் இறங்கி ஏறினால் எந்தப் பக்கம் பார்த்து வந்தோம் என்பதே மறந்துபோகும். நண்பர் பதற்றப்படவில்லை. காம்பஸை எடுத்து, சத்தமாக அடி எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய்க்காலைத் தாண்டியதும் திசையைச் சரிபார்த்தார். நடுவில் ஒரு சின்ன நீரோட்டம் வந்தது. குனிந்து விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு, அது பொய் சொல்லாது" என்றார். கிழக்கே ஓடியது. அப்படியானால் நாங்கள் முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் சரிந்திருக்கிறோம். திரும்பி மேற்கே ஏறினோம். இருபது நிமிஷத்தில் ஹெர்ன் கற்கள் பூதம் மாதிரி முன்னால் வந்து நின்றன.

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அன்று என் நண்பர் விரலை வைத்துப் பார்த்தாரே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

ப்ளீக்லோ ஒரு நீர்ப்பிரிமேடு. கிழக்கே விழுகிற மழை டெர்வென்ட் ஆற்றில் சேர்ந்து, அங்கே வரிசையாகக் கட்டிய அணைகளில் தேங்கி, ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் நகரங்களுக்குக் குடிதண்ணீராகிறது. மிச்சம் வடகடலுக்குப் போகிறது. வடக்கே விழுகிற மழை லாங்டென்டேல் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. 1848 முதல் 1877 வரை பேட்மன் என்ற பொறியாளர் அந்தப் பள்ளத்தாக்கில் தொடர் ஏரிகளைக் கட்டினார். மில்களால் பெருத்துப்போன மான்செஸ்டருக்குத் தண்ணீர் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. இன்றைக்கும் அந்த ஏரிகள் நகரத்துக்குத் தண்ணீர் தருகின்றன. மிச்சம் மெர்சி ஆற்றில் சேர்ந்து மேற்குக் கடலுக்குப் போகிறது.

அந்த ஏரிக்கு மேலே ஒரு ஏரி இருக்கிறது. அதுதான் நான் ஓடுகிற சேறு. பச்சை மெத்தை என்று சொன்னேனே, ஸ்பேக்னம் பாசி, அது தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை கொட்டும்போது உறிஞ்சும், பிறகு மெல்ல மெல்ல விடும். அந்தப் பாசிதான் செத்து, படிந்து, பீட் ஆகிறது. உலகத்தின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதந்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் கரியைவிட அதிகக் கரியை அது தன்னுள் வைத்திருக்கிறது. இதை வரைபடத்தில் 'வெற்று நிலம்' என்று போட்டால் யாருக்கு நஷ்டம்?

இந்தப் பாசியைக் கொன்றது எது தெரியுமா? நம்ம தொழில்தான். மான்செஸ்டரின் மில் புகைபோக்கிகள் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நிலக்கரிப் புகையைக் கக்கின. மேற்குக் காற்று அதை அப்படியே இந்த மலைக்குக் கொண்டுவந்தது. அமில மழை பெய்தது. பாசி செத்தது. மேலே போர்வை போனதும் பீட் வெயிலில் காய்ந்து, மழையில் கரைந்து ஓடியது. போதாக்குறைக்கு அளவுக்கு மீறி ஆடு மேய்ச்சல், அடிக்கடி காட்டுத் தீ. நான் ஓட ஆரம்பித்த நாளில் மேட்டின்மேல் ஏக்கர் கணக்கில் புல் பூண்டு இல்லாத கறுப்புப் பாலைவனம்தான். ஏரிக்குப் போன தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் போயிற்று. அதைச் சுத்தம் செய்யும் செலவு குடிக்கிறவன் தலையில் விழுந்தது. அந்த மில்லில் துணி நெய்தவனும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தான்.

ஒரு விஷயம். இந்த மலையில் கால் வைக்கும் உரிமையே சாதாரண மக்களுக்கு எளிதில் கிடைத்ததல்ல. மேடு முழுக்கப் பெரிய பிரபுக்களின் வேட்டைக்காடாக இருந்தது. வாரம் ஆறு நாள் மில்லில் தூசி தின்ற தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை மலைக்காற்று வாங்க வழியில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று ப்ளீக்லோவுக்குத் தெற்கே இருக்கும் கிண்டர் ஸ்கௌட் மலையில் சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன் என்ற 20 வயதுப் பையன். அவரையும் சேர்த்து ஐந்து பேருக்குச் சிறைத் தண்டனை. நம் நாட்டில் சட்ட மறுப்பு நடந்துகொண்டிருந்த அதே காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1951-இல் அந்த வட்டாரம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1965-இல் பென்னைன் வே நெடும்பாதை திறந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலைமேட்டில் எல்லோரும் நடக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தது. 2002-இல், எழுபது வருஷம் கழித்து, டெவன்ஷயர் டியூக் தம் தாத்தா காலத்தில் நடந்த அந்தக் காரியத்துக்காக மக்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். நான் காம்பஸும் கையுமாக யாரையும் கேட்காமல் அங்கே ஓடுகிறேன் என்றால், அந்த ஐந்து பேர் உள்ளே இருந்த மாதங்கள்தான் காரணம்.

உரிமை வந்தது, கூட்டமும் வந்தது. ஆயிரக்கணக்கான பூட்ஸ் கால்கள் மிதித்துப் பாதை அகலமாகிச் சேறு இன்னும் அரித்தது. அதற்கு அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? இடித்துப் போட்ட லங்காஷயர் பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெரிய பெரிய பலகைக்கற்களைப் பெயர்த்து, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய்ச் சேற்றின்மேல் வரிசையாகப் பதித்தார்கள். நான் ஓடி இறங்குகிற பென்னைன் வே பாதையில் அந்தக் கற்கள் இருக்கின்றன. சிலவற்றில் வட்டமாகத் துளை இருக்கும். முதல் தடவை நண்பர் அதில் கட்டைவிரலை நுழைத்துக் காட்டி, "இது மெஷின் காலை முடுக்குன ஓட்டை" என்றார். முப்பது வருஷம் நின்று வேலை பார்த்த தரையின்மேல் அவர் இப்போது ஓடிக்கொண்டிருந்தார். நானும் மில் தரையில் நின்றவன்தானே? அந்தக் கல்லில் கால் படும்போதெல்லாம் பீளமேடும் சிங்காநல்லூரும் ஞாபகத்துக்கு வரும். அங்கே நின்ற மில்களில் இன்று எத்தனையில் சங்கு ஊதுகிறது?

2003-இல் ப்ளீக்லோவில் ஒரு பெரிய தீ. அதே வருஷம் அரசுத் துறைகளும் தண்ணீர் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் கூட்டாகச் சேர்ந்து மலையைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கினார்கள். அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு, பிறகு உரம், புல் விதை. அதன்மேல் வெட்டிய ஹெதர் தழையைப் பரப்பினார்கள், நம்ம ஊரில் மூடாக்குப் போடுகிற மாதிரி. அரித்த வாய்க்கால்களில் கல்லாலும் மரத்தாலும் சின்னச் சின்னத் தடுப்பு வைத்துத் தண்ணீரை நிறுத்தினார்கள். தரை ஈரமானதும் ஸ்பேக்னம் நாற்று. ஆம், நாற்றுதான். நம் நெல் நாற்று மாதிரி கையால் ஒவ்வொன்றாக ஊன்ற வேண்டும்.

ஊர்க்காரர்களைத் தொண்டுக்குக் கூப்பிட்டார்கள். நானும் நண்பரும் போனோம். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. பஞ்சுத் தூசி நெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும், ஓட்டத்தை விட்டுவிட்டிருந்தார். முழங்காலுக்கு ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொண்டு, குச்சியால் குழி போட்டு, நாற்றை வைத்து விரலால் அமுக்கினார். சாயங்காலம்வரை அதே வேலை. "இது கெட்டியா மெத்தையாகறதுக்குள்ள நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன். அதுக்காக வச்சுட்டுப் போகாம இருக்க முடியுமா? எங்க மில்லுப் புகைதானே இதைக் கெடுத்துது" என்றார். அவர் காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. அவர் ஊன்றிய இடம் இன்று இரண்டு கை அகலத்துக்குப் பச்சைத் திட்டுத் திட்டாகப் பரவியிருக்கிறது. அதன்மேல் என் ஷூ படாமல் சுற்றிக்கொண்டு ஓடுகிறேன். அதனால் ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகிறது. ஆகட்டும்.

நண்பர்களே, "இங்கிலாந்து மலைக்கதை நமக்கெதுக்குங்க?" என்று சிலர் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

கோவையில் முதல் மில் 1888-இல் வந்தது. ஆனால் மில்கள் காளான் மாதிரி பெருகியது 1930-களில். காரணம் பைக்காரா மின்சாரம். பைக்காரா ஆறு எங்கே பிறக்கிறது? நீலகிரியில், முக்குருத்தி மலைப் பக்கம். நாம் குடிக்கும் பில்லூர்த் தண்ணீர் பவானி ஆற்றுத் தண்ணீர். பவானியின் நீர்வரத்தில் பெரும் பங்கு அதே நீலகிரியின் மேற்குப் புல்வெளிகளிலிருந்து இறங்குகிறது. அந்தப் புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே, பள்ளமான இடங்களில் எல்லாம் சதுப்பு. அந்தச் சதுப்பின் அடியில் பீட்! அதே கறுப்பு மண், நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வெப்பமண்டலத்தில் இது அபூர்வமான செல்வம். 1993-இல் ஆர். சுகுமாரும் அவரோடு சேர்ந்த விஞ்ஞானிகளும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீலகிரிப் பீட்டை ஆராய்ந்து, சுமார் இருபதாயிரம் ஆண்டுகளில் எப்போது மழை மிகுந்தது, எப்போது வறட்சி வந்தது, எப்போது புல்வெளி பெருகியது என்று படித்துச் சொன்னார்கள். தென்னிந்தியாவின் மழைக் கணக்குப் புத்தகம் அந்தச் சேற்றில் இருக்கிறது.

தோடர் மக்களுக்கு அந்தச் சதுப்பின் அருமை தெரியும். தங்கள் கோயில் கூரையை வேய அவர்கள் எடுக்கும் புல் சதுப்பில் வளர்வது. வந்தவர்களுக்கு மட்டும் அது வெற்று நிலமாகத் தெரிந்தது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டார்கள். புல்வெளியில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரம் வைத்தார்கள். ரேயான் இழைக்குக் கூழ் வேண்டுமென்று யூகலிப்டஸ் வைத்தார்கள். ரேயான்! அங்கேயும் நம்ம தொழிலின் கைரேகை. மான்செஸ்டர் மில் புகையால் ப்ளீக்லோவைக் கெடுத்தது என்று சொன்னேன். நாம் நம்முடைய சேற்றை என்ன செய்திருக்கிறோம் என்று ஒரு நாளாவது மேலே போய்ப் பார்த்திருக்கிறோமா?

தயவுசெய்து நாளைக்கே ஷூவை மாட்டிக்கொண்டு முக்குருத்திக்கு ஓடக் கிளம்பிவிடாதீர்கள். அது தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் நுழையக்கூடாது. புலியும் காட்டெருமையும் உங்களைவிட வேகமாக ஓடும். ப்ளீக்லோவிலேயே ஆயிரம் கால் பட்டால் சேறு தாங்கவில்லை. இங்கே அந்தத் தப்பு வேண்டாம். போய்ப் பார்த்தால் போதும், பார்த்ததைப் புரிந்துகொண்டால் போதும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு சிறு வேண்டுகோள். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்களைத் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறோம். நல்லது. அதோடு ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வனத்துறையில் முறைப்படி அனுமதி வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, நம் குழாயில் வருகிற தண்ணீர் பிறக்கும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சாய ஆலையும் மின்நிலையமும் நாளைக்கு இவர்கள் கையில்தான் வரப்போகிறது. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தவன் அதில் எதைக் கொட்டுவது என்று ஒரு தடவையாவது யோசிப்பான். முதல் ஐந்து ஆண்டுகளுக்குப் பஸ் செலவு என்னுடையது. செயலாளர் அவர்கள் இதை மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.

நேரம் தாண்டிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மெஸ்ஸில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்.